உடம்பு போடுகிறது, குளிசையை விடலாமா?

கேள்வி: எனக்கு எச்ஐவி இருக்கிறது. முன்பு இரவில் குடிக்கும் குளிசை தந்தார்கள். தலை சுற்றும், கெட்ட கனவு வரும். பிறகு வேறு குளிசைக்கு மாற்றினார்கள். இது நன்றாக ஒத்துக்கொள்கிறது, இரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்கிறார்கள். ஆனால் சிகிச்சை தொடங்கும்போது 47 கிலோ இருந்த நான் இப்போது 61. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தங்கச்சிக்கு இந்த நோய் இல்லை, அவளுக்கும் உடம்பு போடுகிறது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கலாமா?
– பெயர் வேண்டாம், ஹட்டன் பக்கம்

பதில்: மகளே, ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற எண்ணமே வேண்டாம். கிருமி அடங்கியிருப்பது நீங்கள் தினமும் குடிப்பதால்தான். விட்டு விட்டுக் குடித்தால் அது மறுபடி பெருகும், அந்த மருந்துக்கே கட்டுப்படாமலும் போகலாம். எடை குறையத்தான் செய்யும், ஆனால் அது நோய் தின்கிற எடை. நான் வார்டில் தாதியாக இருந்த காலத்தில் எலும்பும் தோலுமாக வந்தவர்களைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருக்கிறேன். நீங்கள் அந்த நிலைக்குப் போகக் கூடாது.

கூடிய 14 கிலோவில் ஒரு பங்கு உங்களுக்குச் சேர வேண்டியதே. சிகிச்சைக்கு முன் கிருமியோடு மல்லுக்கட்டவே உடம்பின் சக்தி போனது, சாப்பிட்டது ஒட்டவில்லை. கிருமி அடங்கியதும் இழந்த சதை திரும்புகிறது. நோய் முற்றிய பிறகு மருந்து தொடங்கியவர்களுக்கு இது இன்னும் அதிகம். பிள்ளை வயிற்றிலிருந்த காலத்து கிளினிக் அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். தொடக்க மாதங்களில் எழுதிய எடைதான் உங்கள் சொந்த எடைக்குக் கிட்டியது. 47 அல்ல.

அடுத்தது மருந்து மாற்றம். நீங்கள் சொல்லும் தலைசுற்றலையும் கனவையும் வைத்துப் பார்த்தால் முந்தியது எஃபாவிரென்ஸ். இப்போதையது பெரும்பாலும் டொலுடெக்ராவிர் சேர்ந்த குளிசை. தென்னாபிரிக்காவில் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 96 வாரத்தில் எஃபாவிரென்ஸ் குடித்தவர்களுக்குச் சராசரியாக 2.3 கிலோவும், டொலுடெக்ராவிரோடு டெனோஃபோவிர் டிஎஃப் என்ற இன்னொரு எச்ஐவி மருந்தும் சேர்த்துக் குடித்தவர்களுக்கு 4.3 கிலோவும் கூடியது. பெண்களுக்குக் கூடுதல். எஃபாவிரென்ஸ் இரத்தத்தில் அதிகம் தங்கியவர்களுக்கு எடை ஏறியது குறைவு என்றும் கண்டார்கள். அதாவது, பழைய குளிசை உங்கள் எடையை அமுக்கியும் வைத்திருக்கலாம். சராசரிக் கணக்குத்தான் இது, என்றாலும் 14 கிலோவையும் புதுக் குளிசையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மிச்சத்துக்கு உங்கள் தங்கச்சியே சாட்சி. அவர் அந்தக் குளிசையைத் தொட்டதே இல்லை. விடியக்காலை சீனி போட்ட தேத்தண்ணி, கோதுமை மா ரொட்டி, மலையில் மறுபடி தேத்தண்ணி, பின்னேரம் பணிஸ், இரவுக்கு ஒரு கோப்பை சோறு. முட்டையும் பருப்பும் விலை என்பதால் மாவும் சீனியும்தான் வயிற்றை நிரப்புகின்றன. நாற்பதை நெருங்கும் வயது, தூக்கக் குறைவு, சிலருக்குக் கருத்தடை ஊசி எல்லாம் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்குக் கிருமி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. சீனியைப் பாதியாக்கி, ஒரு வேளை ரொட்டிக்குப் பதில் அவித்த கடலையோ பயறோ சாப்பிடுங்கள். அக்காவும் தங்கையும் சேர்ந்தே தொடங்குங்கள்.

இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சீனியும் பிரஷரும் பார்ப்பது அவசியம். இன்னொன்று, தோட்டத்தில் இரத்தக் குறைவுக்கு இரும்புச் சத்துக் குளிசை தருகிறார்களே, அதைக் குடிப்பதாயிருந்தால் உங்கள் கிளினிக்கில் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் டொலுடெக்ராவிர் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்துக் குடிக்கலாம்.

கேள்வி: வீட்டுக்காரர் சில மாதத்தில் மெலிந்துவிட்டார். எயிட்ஸ் என்று லயத்தில் பேசுகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: ஆளைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. முயற்சியில்லாமல் ஆறு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேடியாக வேண்டும். சீனி வியாதி, காசநோய், தைரொய்ட், குடல் நோய், குடி, மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம். இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எச்ஐவி பரிசோதனையும் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் இலவசம், விபரம் வெளியே போகாது. நீங்களும் அவரோடு கூடப் போங்கள்.