பிரெஞ்சில் ‘ஃப்யூதூர் ஆந்தேரியர்’ (‘முடித்திருப்பேன்’ மாதிரியான வினை வடிவம்) எப்படி அமைப்பது, எங்கே பயன்படுத்துவது? ஆங்கில ‘வில் ஹேவ் டன்’ மாதிரிதானா?

பி1 (இடைநிலை) பிரெஞ்சுத் தேர்வுக்குப் படிப்பதாகவும், “ஜூனுக்குள் தேர்வில் தேறியிருப்பேன்” என்பதை ‘ழோரே பாஸே லெக்ஸாமேன்’ என்று எழுதியது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். ‘வில் ஹேவ் டன் மாதிரிதானா’ என்ற வரியைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏழு வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்கு வேலையில் ஒரு விலையும் கொடுத்தேன்.

அமைப்பு எளிது. பாஸே கோம்போஸே, அதாவது ‘முடித்தேன்’ என்னும் இறந்தகாலம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் வரும் துணைவினையை மட்டும் எதிர்காலத்துக்கு மாற்றினால் போதும். ‘ழே ஃபினி’ (முடித்தேன்) என்பது ‘ழோரே ஃபினி’ (முடித்திருப்பேன்) ஆகும். ‘ழ ஸ்வி பார்த்தி’ (கிளம்பினேன்) என்பது ‘ழ ஸெரே பார்த்தி’ (கிளம்பியிருப்பேன்) ஆகும். எந்த வினைக்கு ‘அவ்வார்’ துணைவினை, எந்த வினைக்கு ‘எத்ர்’ துணைவினை என்பதில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. போதல், வருதல், பிறத்தல், இறத்தல் வகையறாவும், தன்னையே குறிக்கும் ‘ஸ’ சேரும் வினைகளும் இங்கேயும் எத்ர்தான். அவள் கிளம்பியிருப்பாள் என்று எழுதும்போது ‘பார்த்தி’க்குப் பின்னால் ஒரு ‘இ’ (e) எழுத்துச் சேர்க்க வேண்டும். ஒலியில் அது வராது, எழுத்தில் விட்டால் மதிப்பெண் போகும். எதிர்மறை துணைவினையைச் சுற்றி வரும்: ‘ழ நோரே பா ஃபினி’.

இனி என் கதை.

2016-ல் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் பிரெஞ்சு பிராசஸில் இருந்தேன். பிரான்சிலிருந்து வரும் காப்பீட்டுக் கோப்புகளைப் படித்து, விவரங்களைப் பதிவு செய்து, ஏதாவது குறைந்தால் அங்குள்ளவர்களுக்கு மெயில் எழுத வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, 40 கோப்புகள் எப்போது முடியும் என்று கேட்டு அங்கிருந்து மெயில் வந்தது. பிரச்சினை இல்லை, வெள்ளி மாலைக்குள் முடித்திருப்பேன் என்ற நினைப்பில் நான் பதில் எழுதினேன்: ‘ஸான் ப்ரோப்ளெம், ழோரே தெர்மினே வாந்த்ரதி ஸ்வார்.’

ஒலியில் தவறு இல்லை. எழுத்தில், ஏ-யு-ஆர்-ஏ-ஐ என்று முடிய வேண்டிய இடத்தில் கூடுதலாக ஒரு எஸ் போட்டுவிட்டேன். அந்த எஸ் சேர்ந்தால் அது ஃப்யூதூர் ஆந்தேரியர் இல்லை, கோந்திஸியோனெல் பாஸே, அதாவது ‘அப்படி இருந்திருந்தால் முடித்திருப்பேன்’ என்று நடக்காததைச் சொல்லும் வடிவம். ‘ஸான் ப்ரோப்ளெம்’ என்பதை வேறு முன்னால் வைத்திருக்கிறேன். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: “பிரச்சினை வராமல் இருந்திருந்தால் வெள்ளி மாலை முடித்திருப்பேன்.”

ஒரு மணி நேரத்தில் என் டீம் லீடருக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் நகல் போட்டு மெயில் வந்தது. என்ன பிரச்சினை, ஏன் முன்பே சொல்லவில்லை என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மெயிலை நானே பத்து முறை படித்தேன், தவறு தெரியவே இல்லை. எஸ்கலேஷன் (மேலிடம் வரை போன புகார்) என்று என் பெயரில் பதிவானது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே 40 கோப்பும் முடித்துக் கொடுத்தேன். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, பிரெஞ்சு தெரிந்ததற்காகத் தரும் மொழிப்படியும் அந்தக் காலாண்டு வரவில்லை.

எங்கள் குவாலிட்டி பிரிவில் புதுச்சேரி அக்கா ஒருவர் இருந்தார். சிறு வயதிலிருந்து பிரெஞ்சிலேயே படித்தவர். மெயிலைப் பார்த்துவிட்டு, “இதத் தமிழ்ல சொல்லு” என்றார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருப்பேன்.”

“சரி. நேத்து லீவு போடாம இருந்திருந்தா?”

“நேத்தே முடிச்சிருப்பேன்.”

“உன் சிநேகிதி இன்னும் வரலியே, ஏன்?”

“பஸ்ஸ விட்டிருப்பா.”

“பாத்தியா, மூணுக்கும் நமக்கு ஒரே ‘இருப்பு’தான். முதலுக்கும் கடைசிக்கும் பிரெஞ்சுலயும் ஒண்ணுதாம்மா, ஃப்யூதூர் ஆந்தேரியர். நடுவுல ‘இருந்திருந்தா’ன்னு வந்துச்சே, அதுக்கு மட்டும்தான் வேற. நீ அங்க போய் நின்னுட்ட.”

நான் ஏழு வருடம் படித்ததில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ‘ழோரே’ என்று வாயில் வரும்போது எஸ் உண்டா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், ‘நூ’ (நாங்கள்) போட்டுப் பார்க்கச் சொன்னார். ‘நூஸோரோன்’ என்று வந்தால் எஸ் இல்லை, ‘நூஸோரியோன்’ என்று வந்தால் எஸ் உண்டு. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே பள்ளியில் இந்த வழியைத்தான் காட்டுவார்களாம். அன்றிலிருந்து இதில் நான் தவறவில்லை.

அந்த ‘பஸ்ஸ விட்டிருப்பா’ ரொம்ப முக்கியம். ‘எல் ஓரா ராத்தே ஸோன் பியூஸ்’ என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னால், இனிமேல் விடுவாள் என்று அர்த்தம் இல்லை. இந்நேரம் விட்டிருப்பாள் என்ற ஊகம். ‘இல் ஓரா ஊப்ளியே’ என்றால் மறந்திருப்பான். நடந்து முடிந்த ஒன்றை எதிர்கால வினையில் ஊகிப்பது ஆங்கிலம் வழியாக வருபவருக்குக் குழப்பும். தமிழ் வழியாக வந்தால் குழப்பவே குழப்பாது, தினமும் பேசுவதுதானே.

ஆங்கிலத்திலும் ‘வில் ஹேவ்’ ஊகத்துக்கு வரும் என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள். வரும், தெரியும். ஆனால் நம் பள்ளி ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ்’ என்றுதானே படித்தோம்? ‘இருப்பான்’ எல்லா இடத்திலும் ஃப்யூதூர் ஆந்தேரியருக்குச் சமம் என்றும் நான் சொல்லவில்லை. பிரெஞ்சுப் பத்திரிகையில் ‘லா க்ரேவ் ஓரா த்யூரே த்ருவா ஸ்மேன்’ என்று வரும். வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது என்று, முடிந்துபோன விஷயத்துக்குக் கணக்குப் பார்த்துச் சொல்வது அது. அங்கே ‘நீடித்திருக்கும்’ என்று மொழிபெயர்த்தால் தப்பு. ‘ஓன் நோரா தூ வ்யூ’ என்று சலித்துக்கொள்வார்களே, அதற்கு “எல்லாத்தையும் பாத்தாச்சு” என்பதுதான் பொருத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். பதினொன்றாம் வகுப்பில் தமிழை விட்டு பிரெஞ்சு எடுத்தவள் நான். மதிப்பெண் வரும் என்று பள்ளியிலேயே சொன்னார்கள், வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். 200-க்கு 190-க்கு மேல் வாங்கினேன். வாங்கியது பாடப்புத்தகக் கேள்விகளுக்கான பதில்களை மனப்பாடம் செய்து. ஒரு வாக்கியம் சொந்தமாகப் பேச வராது. இதைச் சொன்னாலே ‘தாய்மொழியை விட்டவள்’ என்று சிலர் ஆரம்பிப்பார்கள். பதினைந்து வயதுப் பெண்ணிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். என் வருத்தம் வேறு. அந்த இரண்டு வருடம் பிரெஞ்சு வகுப்பில் தமிழ் வாயைத் திறந்தால் அபராதம். விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில். “முடிச்சிருப்பேன்” என்ற ஒரு சொல்லை அன்று ஆசிரியர் சொல்லியிருந்தால் எனக்கு அந்த எஸ்கலேஷனே வந்திருக்காது. மொழிப்படி போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலையை முடித்தவளுக்கு ஒரு எழுத்துக்காகப் பிடித்தார்கள்.

சரி, உங்கள் தேர்வுக்கு வருவோம். பி1-ல் இது அதிகம் தேவைப்படும் இடம் ‘கான்’, ‘லோர்ஸ்க’ (இரண்டும் ‘போது’), ‘தே க’ (‘உடனே’) ஆகியவற்றுக்குப் பின்னால். இங்கே தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. “முடித்ததும் என்னைக் கூப்பிடு” என்கிறோம், அதில் ‘முடித்த’ இறந்தகாலம். ஆங்கிலத்திலும் அங்கே ‘வில்’ வராது. பிரெஞ்சுக்காரர் அதை ஒப்புக்கொள்வதில்லை. கூப்பிடுவதும் இனிமேல், முடிப்பதும் இனிமேல், ஆனால் முடிப்பது முந்தி. அதனால் முந்தியதற்கு ஃப்யூதூர் ஆந்தேரியர், பிந்தியதற்குச் சாதாரண எதிர்காலம்: ‘கான் த்யூ ஓரா ஃபினி, த்யூ மாப்பெல்ரா.’ இரண்டும் நடக்கப்போகிறவை, ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு இப்படி எழுதுங்கள். கடிதம் எழுதும் பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் சரியாக வந்தால் திருத்துபவர் கண்ணில் படும்.

ஆனால் ‘ஸி’ என்று, அதாவது ‘ஆல்’ பொருளில் தொடங்கினால் அதற்கு அடுத்து எதிர்காலம் கூடவே கூடாது. ஆறு மணிக்குள் முடித்துவிட்டால் என்பதற்கு ‘ஸி த்யூ ஆ ஃபினி ஆவான் ஸிஸ் ஏர்’ என்று பாஸே கோம்போஸேதான். ‘ஸி த்யூ ஓரா’ என்று எழுதிவிடாதீர்கள், அது பிழை.

இனி உங்கள் வாக்கியம். ‘ழோரே பாஸே லெக்ஸாமேன்’ இலக்கணப்படி சரி, எஸ் போடாமல் எழுதியிருந்தால். ஆனால் ‘பாஸே’ என்பதை ஆங்கில ‘பாஸ்’ என்று எடுத்துக்கொண்டீர்கள். பிரெஞ்சில் அது தேர்வை எழுதுவது மட்டும்தான். நீங்கள் எழுதியிருப்பது “ஜூனுக்குள் தேர்வு எழுதியிருப்பேன்” என்றுதான் ஆகிறது. தேறியிருப்பேன் என்பதற்கு ‘ழோரே ரேயுஸி லெக்ஸாமேன்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.