சுமை தெரியாத கப்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் சென்ற வாரம் என் ஒபெலிஸ்க் சரக்குக் கப்பலை உவேடாமா என்ற விண்மீன் மண்டலத்தில் கொள்ளையர்கள் தகர்த்துவிட்டனர். மூன்று பொருத்துமிடங்களிலும் கொள்ளளவைக் கூட்டும் கருவிகளை வைத்து, ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். இத்தகைய கப்பல்களின் உடற்கட்டு வலிமையை உயர்த்துவதுதானே நியாயம்?

வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் சென்றேன். தொப்பூர் இறக்கத்தில் ஒரு கல் லாரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்க, பயணிகள் அதன் ஓட்டுநரைத் திட்டினார்கள். எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. அவரும் அப்படித்தான் இறங்குவார்.

கப்பல் போனதில் எனக்கும் வருத்தமே. ஒபெலிஸ்க் வாங்கக் காசு சேர்க்கும் மாதங்களை நானும் அறிவேன். ஆனால் ஆட்டோபைலட், ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு வாயிலுக்கும் சற்றுத் தொலைவிலேயே நின்று, பிறகு ஊர்ந்து செல்லும் என்பது தெரிந்தும் சாப்பிடப் போனீர்களே, அது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் தொப்பூரை இறங்குவதற்குச் சமம்.

வலிமையை உயர்த்துவதை நான் ஏற்கவில்லை. 2014 ஜூனில் விளையாட்டு நிறுவனம் இக்கப்பல்களின் அடிப்படைக் கொள்ளளவைக் குறைத்து மூன்று பொருத்துமிடங்களைத் தந்ததே, கொள்ளளவா வலிமையா என்று செலுத்துபவர் தீர்மானிக்கட்டும் என்றுதான். 4,40,000 கன மீட்டரை இரு மடங்குக்கு மேல் பெருக்கி, அதற்கு விலையாக உடற்கட்டை மெலியவைத்தது நீங்கள். வலிமை கூடினால் நீங்கள் இன்னும் விலையுயர்ந்த சரக்கை ஏற்றுவீர்கள். கொள்ளையரும் இன்னும் சில கேட்டலிஸ்ட் தாக்குதல் கப்பல்களோடு வருவார்கள். 2018இல் ஒன்றிய அரசு மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அதற்காக எங்கள் பக்கத்து முதலாளிகள் கூடுதல் லோடு கேட்பதை நிறுத்திவிடவில்லை.

என் மனக்குறை வேறு. இவ்விளையாட்டில் கவசத் தகடு பொருத்தினால் கப்பலின் நிறை கூடித் திரும்பும் வேகம் குறைகிறது. சரக்கறையில் எதை ஏற்றினாலும் நிறை இம்மியளவும் கூடுவதில்லை. காலிக் கப்பலும் முழு லோடு ஏற்றிய கப்பலும் ஒரே நேரத்தில் திரும்பி ஒரே நேரத்தில் பாய்கின்றன. கன மீட்டர் மட்டுமே கணக்கு என்றால் கல்லும் வைக்கோலும் ஒன்றாகிவிடாதா?

பள்ளி விடுமுறையில் ஒருமுறை கிருஷ்ணகிரியில் அப்பாவின் லாரிக்குக் கிரானைட் ஏற்றினார்கள். பாடியில் முக்கால்வாசி இடம் காலியாக இருந்ததால், இன்னும் இரண்டு கல் போடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் என்னைக் குனியவைத்துப் பின்சக்கரத்துக்கு மேலிருந்த வில்பட்டைகளைக் காட்டினார். வளைவெல்லாம் நிமிர்ந்து தட்டையாகக் கிடந்தன. அடுத்த வாரம் வைக்கோல் பாரம் பாடிக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழும்பியிருக்க, அதே பட்டைகள் வளைவு குலையாமல் இருந்ததை நானாகவே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

விளையாட்டில் சரிசெய்ய வேண்டியது சரக்கின் எடையைத்தான் என்பேன். சுமையை உணரும் கப்பலாக இருந்திருந்தால் விளையாட்டின் பெருஞ்சந்தையான ஜிட்டாவிலிருந்து கிளம்பிய முதல் திருப்பத்திலேயே உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். சாப்பிட எழுந்திருக்க மாட்டீர்கள். அடுத்த கப்பலை வாங்கியதும் எழுதுங்கள், மூன்று இடங்களிலும் எதைப் பொருத்தினீர்கள் என்பதையும் சேர்த்து.