உப்புத் தண்ணீருக்கு எந்த இயந்திரம் வாங்குவது?

கேள்வி: பழவேற்காட்டில் வசிக்கிறோம். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. வாளியிலும் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை கீசரின் சூடேற்றும் காயில் (கம்பிச்சுருள்) பழுதாகிவிட்டது. சென்ற வாரம் ஆந்திராவின் சூலூர்பேட்டைக் கடை ஒன்றின் விற்பனையாளர் வந்து, இரு கம்பிகள் கொண்ட கருவியை எங்கள் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். ஒரே நிமிடத்தில் தண்ணீர் செம்பழுப்பாகிக் கசடு திரண்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரோ தெளிவாகவே இருந்தது. வீடு முழுவதற்கும் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர், குடிக்க ஆர்.ஓ. என இரண்டுக்குமாக 62,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? பழுதானால் ஆந்திராவுக்கு அலைய வேண்டியிருக்குமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்த கசடு உங்கள் தண்ணீரில் இருந்ததன்று. அந்தக் கருவியின் இரும்புக் கம்பி மின்சாரத்தால் கரைந்து துருவாகத் திரண்டது. தண்ணீரில் உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பதால், உப்புகள் வடிக்கப்பட்ட ஆர்.ஓ. தண்ணீரில் கம்பி கரையாமல் நீர் தெளிவாக நிற்கிறது. அவர் மீண்டும் வந்தால், உங்கள் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள்; அதுவும் செம்பழுப்பாகும். இந்த வித்தை பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சுற்றி வருகிறது, இன்னும் விலை போகிறது.

உங்கள் தண்ணீரில் குறை இல்லை என்று இதற்குப் பொருளன்று. நம் பேச்சு வழக்கில் சோப்பு நுரைக்காத நீரும் கரிக்கும் நீரும் ஒன்றாகவே ‘உப்புத் தண்ணீர்’ எனப்படுகின்றன. விற்பனையாளருக்கு இந்த ஒரு சொல் பெரிய வசதி. நுரையைக் கெடுத்துக் காயிலில் காறையாகப் படிவது கால்சியமும் மெக்னீசியமும், இதுவே கடினத்தன்மை. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளோ நாக்குக்கும் தெரியா, சோப்புக்கும் தெரியா. இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

உங்கள் ஊரில் முதல் இரண்டும் சேர்ந்தே வருவதற்கு வாய்ப்பு உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணலில், மழைநீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அதுவே இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. மோட்டார் வைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் பல மடங்கு ஏறிவரும். பக்கத்தில் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் உவர்ப்பானதும் அளவுக்கு மீறி இறைத்ததால்தான். கடல்நீர் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே லிட்டருக்குச் சுமார் 190 மில்லிகிராம் குளோரைடும் 60 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மையும் கூடிவிடும். ஆகவே, ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணலில் தோண்டும் ஆழமற்ற ஊற்றே இனிக்கும் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள்.

முதலில் பரிசோதனைத் தாள் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, அதே நீரால் கேனை மும்முறை அலசி, இரண்டு லிட்டர் பிடித்துச் செல்லுங்கள். கிருமிச் சோதனைக்கான புட்டியை ஆய்வகத்திடமே கேட்டு வாங்க வேண்டும். விற்பனையாளரின் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு ஈடாகாது, ஏனெனில் அது மின்கடத்தும் திறனை வைத்து மொத்த உப்பை மதிப்பிடுமே தவிர, எந்த உப்பு என்றோ கிருமி உண்டா என்றோ சொல்லாது. தாள் வந்ததும் இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-உடன் ஒப்பிடுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், விரும்பத்தக்க எல்லை கடினத்தன்மைக்கு 200, குளோரைடுக்கு 250, மொத்தக் கரைந்த உப்புக்கு 500. வேறு நீராதாரம் இல்லாதபோது முறையே 600, 1000, 2000 வரை ஏற்கலாம். கோடையின் கடைசியில் எடுத்த நீரும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எடுத்த நீரும் ஒரே எண்ணைக் காட்டாது. முடிந்தால் கோடையில் சோதியுங்கள்.

கரைந்த உப்பு 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அத்தகைய நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்றே கூறியது. கிருமி மட்டுமே சிக்கலானால் கொதிக்கவைப்பதோ புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. சாதனமோ போதும். குளோரைடு மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. வாங்குங்கள், அது வெளித்தள்ளும் நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம், செடிக்கு ஊற்றாதீர்கள்.

சாஃப்ட்னர்தான் இந்த விலையில் பெரும்பகுதியை விழுங்கும் என்று நினைக்கிறேன். அதை வாங்க நான் அவசரப்பட மாட்டேன். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் சாதனம் என்பதால், சோப்பு நுரைக்கும், கரிப்புக் குறையாது. கடினத்தன்மை 400 இருக்கும் நீரை முழுதும் மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் குடிநீர்க் குழாயை அதனுடன் இணைக்கவே கூடாது. அதைக் கழுவிவிடும் உப்புக் கரைசலும் உங்கள் வீட்டு மணலுக்குள்தான் இறங்கும். காந்தத்தைக் குழாயில் மாட்டினால் போதும் என்போரின் பேச்சு பதில் சொல்லத் தக்கதன்று.

கீசருக்குச் செலவு குறைந்த வழி உண்டு. சூடு ஏற ஏறக் காறை வேகமாகப் படியும் ஆதலால், தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி அளவில் வையுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கொண்டு காயிலைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கச் செய்யுங்கள். புதிய கீசர் வாங்கும்போது, காறையால் வரும் பழுது உத்தரவாதத்தில் அடங்குமா என்பதை அட்டையில் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆந்திரா பற்றிய அச்சம் வேண்டாம். கடை எங்கிருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் முறையிடலாம். ஆனால் பில் இருக்க வேண்டும். ‘பில் வேண்டாமென்றால் விலையைக் குறைக்கிறேன்’ என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆரம்பாக்கத்தில் இருக்கிறோம். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகுவதில்லை. கேன் தண்ணீரில் உடனே குழைகிறது. அப்படியானால் கேன் தண்ணீர் சுத்தமானதுதானே?

பதில்: அதில் கால்சியம் குறைவு என்பது மட்டுமே உறுதி. பருப்பிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைக் கால்சியம் இறுக்கிப் பிடிப்பதால் கடின நீரில் அது குழையாது. கிருமி இருக்கும் மழைநீரிலும் பருப்பு நன்றாகவே வேகும். கேனின் மூடி முத்திரையையும், நிரப்பிய தேதியையும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.