ஃப்ளூ ஊசி போட்டால் அடங்கிய மூட்டுவலி கிளம்புமா?

வெளிநாட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன், குளிர்காலத்துக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், இதுவரை போட்டதே இல்லை, போட்டால் இப்போது அடங்கியிருக்கும் வலி மறுபடி கிளம்பிவிடுமோ, புது வேலையில் விடுப்பு வேறு எடுக்க வேண்டி வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. கேள்வியைப் படித்ததும் 17 வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதே நோய், அதே மாத்திரை, அதே பயம். நான் மருத்துவர் இல்லை. இந்த நோயோடு வெளிநாட்டில் இத்தனை குளிர்காலங்களைக் கடந்தவள் என்ற முறையிலும், ஒவ்வொரு முறையும் என் வாதநோய் மருத்துவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டவள் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு குளிர்காலமும் நான் ஊசி போடவில்லை. உள்ளே இருக்கும் நோயெதிர்ப்பு சக்தியே நம் மூட்டைத் தாக்கிக்கொண்டிருக்கிறது, அதை ஊசி போட்டு மேலும் உசுப்புவானேன் என்பது என் வாதம். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது குளிர்காலத்தில் ஃப்ளூ வந்தது. ஆறு நாள் காய்ச்சல், அதற்குப் பிறகு மூன்று வாரம் இருமல். உடம்பு ஒரு கிருமியோடு போராடும்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து வேண்டாம் என்று, குணமாகும்வரை மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். காய்ச்சல் போனது, மணிக்கட்டும் விரல்களும் வீங்கின. தலை பின்ன முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை. மறுபடி அடங்க ஸ்டீராய்டு மாத்திரையும் இரண்டு மாதமும் பிடித்தது. ஊசி போட்டால் எந்த வலி வருமென்று பயந்தேனோ, அந்த வலி ஊசி போடாததால் வந்து சேர்ந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான். நம்மைப் போன்றவர்களுக்கு ஃப்ளூ வந்தால் காய்ச்சலோடு முடிவதில்லை. மருந்து நின்றுபோகும், நோய் தலைதூக்கும். நிமோனியா வரை போகும் ஆபத்தும் மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

சரி, ஊசி போட்டால் என்ன ஆகும்? கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழக்கச் செய்த வைரஸோ, அதன் மேற்பரப்புப் புரதமோதான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்து ஃப்ளூ வர வழியே இல்லை. போட்ட இடத்தில் வலி, சிவப்பு, லேசான வீக்கம், சிலருக்குத் தலைவலி, உடம்புவலி, அசதி, இலேசான காய்ச்சல் வரும். இவை பெரும்பாலும் முதல் நாளே தொடங்கி இரண்டொரு நாளில் போய்விடும். அன்னியப் புரதத்தைக் கண்டதும் உடம்பு சுரக்கும் சில இரசாயனங்கள்தான் இதற்குக் காரணம். நம் மூட்டில் அழற்சியை நடத்துவதும் ஏறக்குறைய அதே இரசாயனங்கள்தான். அதனால்தான் அந்த இரண்டு நாள் அசதி நமக்கு மட்டும் வேறு மாதிரி பயத்தைக் கிளப்புகிறது. காலையில் எழும்போது உடம்பு கனத்தால், ஐயோ ஆரம்பித்துவிட்டதே என்று மனம் உடனே பழைய நாட்களுக்குப் போய்விடுகிறது.

இந்தப் பயத்துக்கு மருந்தாக எனக்கு அமைந்தது ஒரு பழைய ஆய்வு. ஆரோக்கியமாக வேலைக்குப் போகும் பெரியவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 1996இல் முடிவு வெளிவந்தது. கைவலி மட்டும் ஃப்ளூ ஊசிக்காரர்களில் 100க்கு 64 பேருக்கும், போலி ஊசிக்காரர்களில் 24 பேருக்கும் இருந்தது. காய்ச்சல், அசதி, உடம்புவலி, தலைவலி எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அதாவது, போட்ட மறுநாள் நமக்கு வரும் அசதி எல்லாமே ஊசியினால் வந்தது அல்ல. ஊசி போடாதிருந்தாலும் அந்த நாளில் கொஞ்சம் அசதியாகத்தான் இருந்திருக்கலாம். இதை உங்கள் வலியை இல்லையென்று சொல்வதற்காக எழுதவில்லை. வலி நிஜம். அதை எதன் கணக்கில் எழுதுவது என்பதில்தான் நிதானம் வேண்டும்.

கணக்கு எழுதவும் ஒரு வழி இருக்கிறது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சின்ன நோட்டில் தினமும் குறித்து வையுங்கள்: காலையில் விரல் இறுக்கம் எத்தனை நிமிடம் இருந்தது, எந்தெந்த மூட்டில் வீக்கம், வலி 10க்கு எத்தனை. ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் அதையே தொடருங்கள். ஊசி தரும் வலி தசையில் பரவலாக இருக்கும், பெரும்பாலும் மூன்றாம் நாள் இராது. நம் நோய் கிளம்பினால் வழக்கமான மூட்டுகள் வீங்கும், சூடாகும், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், நாளுக்கு நாள் கூடும். முதல் வருடம் நான் எழுதிய நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஊசிக்கு முந்தைய வாரத்திலேயே இரண்டு மோசமான காலைகள் பதிவாகியிருந்தன. அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அவற்றை மறந்து, அடுத்த வாரத்து வலிக்கெல்லாம் ஊசியைக் குற்றம் சொல்லியிருப்பேன்.

முடக்குவாதம், எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ், குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் பலவற்றிலும் ஃப்ளூ ஊசியால் நோய் கிளம்புவது கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. ஒருவருக்குக்கூடக் கிளம்பாது என்று எவரும் உறுதி தர முடியாது. நம் நோய் காரணமில்லாமலும் கிளம்பும் நோய். வருடத்தில் சில முறை கிளம்புகிற ஒன்று, ஊசி போட்ட வாரத்தில் தற்செயலாகவும் கிளம்பலாம்.

இனி உங்கள் மாத்திரை விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள். மெத்தோட்ரெக்சேட், ஃப்ளூ ஊசியின் பலனைக் குறைக்கிறது. தென் கொரியாவில் முடக்குவாத நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்குப் போதிய எதிர்ப்பு உண்டானது. நிறுத்தாதவர்களில் சுமார் 55 சதவீதம்தான். இதையெல்லாம் வைத்து அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2022இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது: நோய் கட்டுக்குள் இருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைக்கலாம். வாரம் ஒரு முறை எடுக்கும் உங்களுக்கு அது இரண்டு வேளை மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் "நோய் கட்டுக்குள் இருந்தால்" என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய அந்த இரண்டு வாரத்தில் வலி சற்றுக் கூடினால் அது மாத்திரை இல்லாததால் வந்ததாக இருக்கலாம், பழியோ ஊசியின் மேல் விழும். "எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று என்னிடம் சொன்ன இரண்டு பேர் உண்மையில் மாத்திரையையும் தாங்களே ஒரு மாதம் நிறுத்தியிருந்தார்கள்.

மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். போட்டுவிட்டு, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் தொலைபேசியில் கேட்டால் போதும். பலன் கொஞ்சம் குறைந்தாலும் ஊசி ஊசிதான். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தவே கூடாது, அது ஆபத்து. ஸ்டீராய்டு அளவு கூடுதலாக இருந்தாலும் ஃப்ளூ ஊசியை உரிய காலத்தில் போடலாம் என்பதே அந்த வழிகாட்டுதல். இந்த நோய்களுக்குக் கொடுக்கும் பயாலஜிக் என்ற புரத மருந்து ஊசிகளில் பெரும்பாலானவற்றை வழக்கம்போலத் தொடரலாம். அவற்றில் ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்கள் மட்டும் அடுத்த தவணை எப்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுவிட்டு, அந்த மருந்தின் அடுத்த தவணையை இரண்டு வாரமாவது தள்ளி வைக்கச் சொல்வார்கள்.

ஊசி போடும் இடத்தில் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூக்கில் பீச்சும் ஃப்ளூ மருந்தும் இருக்கிறது, அதில் வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அது கூடாது. "மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா" என்று கேட்டால், வேலை அவசரத்தில் பொதுவாக "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் என்று பெயரைச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். மொழி புதிதாக இருக்கும்போது அந்தத் தாள் பெரிய துணை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கும் கூடுதல் வீரியமுள்ள ஊசி நல்லது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியையே போட்டுக்கொள்ளுங்கள், வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

உங்களுக்குத் தோள்மூட்டில் நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊசி தோளுக்குக் கீழே தசையின் நடுப்பகுதியில் இறங்க வேண்டும். மிக மேலே குத்திவிட்டால் தோள்மூட்டுக்குள் அழற்சி வந்து, மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் போகும். அரிது, ஆனாலும் நம் தோள் ஏற்கெனவே நொந்த தோள். சட்டைக் கழுத்தை இழுத்துவிடாமல், கையை முழுதும் வெளியே எடுக்கும்படியான உடை போட்டுப் போங்கள். எந்தக் கை குறைவாக வலிக்கிறதோ அந்தக் கையைக் கொடுங்கள். சோரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் குத்துப்பட்ட இடத்தில் புதுத் திட்டு தோன்றலாம், அவர்கள் திட்டில்லாத இடத்தில் போடச் சொல்ல வேண்டும்.

போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் அரிதானது, வந்தால் பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் வரும். நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே என்ற நோயைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஊசியால் கூடினாலும் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டுதான், ஃப்ளூ வந்தாலும் அது வரக்கூடும். முன்பு எப்போதாவது அந்த நோய் வந்திருந்தால் மட்டும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் பாராசிட்டமால் போதும். வலி வருமுன்பே, ஊசிக்குப் போகும்போதே போட்டுக்கொள்ள வேண்டாம். வீக்கத்துக்கான வலி மாத்திரைகளை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது இன்னொன்று. இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால், மூச்சு வாங்கினால், சளியோடு இருமினால், "ஊசிக் காய்ச்சல்தான்" என்று படுத்திருக்காதீர்கள். எதிர்ப்பு அடங்கிய உடம்பில் வேறு தொற்று அப்படித்தான் மறைந்திருக்கும். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஃப்ளூ என்று தெரிந்தால் அதற்கான மருந்தை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம். மறதியாக விட்டுவிடக் கூடாத ஒன்றும் உண்டு: ஊசி போட்ட வாரத்தில் சி.ஆர்.பி. என்ற, அழற்சியின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கொடுக்காதீர்கள். ஊசியாலேயே அது சற்று ஏறலாம், நோய் கூடிவிட்டதென்று மருந்தை ஏற்றிவிடுவார்கள். பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தால் ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

எப்போது போடுவது? எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், ஆகவே குளிர்காலத் தொடக்கத்துக்கு முன். உலக சுகாதார நிறுவனம் அந்தந்த வருடத்து வைரஸைப் பார்த்து வட கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் கோளத்துக்கு செப்டம்பரிலும் ஊசியின் கலவையைத் தீர்மானிக்கிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடத்து ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்கள் "புறப்படும் முன்பே போட்டேனே" என்று விட்டுவிடக் கூடாது.

விடுப்பு பற்றிக் கேட்டீர்கள். நான் வேலை நாளில் போடுவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓய்வாக அமையும்படி பார்த்து மாலையில் போய் வருவேன், அன்றிரவு சீக்கிரம் படுத்துவிடுவேன். 15 முறை போட்டதில், மறுநாள் உடம்புவலியோடு படுக்கையில் கழிந்தது மூன்று முறை. மற்ற வருடங்களில் கைவலி மட்டும்தான். மூட்டு வீங்கியது ஒரே முறை, அதுவும் மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் நிறுத்திய வருடம், மாத்திரை மறுபடி தொடங்கியதும் பத்து நாளில் அடங்கியது. அடுத்த வருடம் மருத்துவர் என்னை மாத்திரையை நிறுத்தாமலே போட்டுக்கொள்ளச் சொன்னார். உங்களுக்கு எது என்பதை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். நோட்டை இன்றே தொடங்குங்கள், ஊசிக்கு முன் ஏழு நாள் கணக்கு அதில் இருக்க வேண்டும்.