குட்டை விமானத்துக்கு நெட்டை வால் ஏன்?

கேள்வி: ஏர்பஸ் ஏ318, ஏ320-ஐவிட நீளம் குறைந்தது. ஆனால் அதன் வால் மட்டும் ஏறக்குறைய 80 செ.மீ. கூடுதல் உயரமாக இருக்கிறதே?

பதில்: நீளம் குறைந்ததால்தான். வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பின் அளவைப் பெரும்பாலும் முடிவுசெய்வது, புறப்படும் வேகத்தில் ஒரு எஞ்சின் அணைந்துவிடும் நிலைமை. நடுக்கோட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளியிருக்கும் எஞ்சின் 120 கிலோநியூட்டன் உந்துவதாக வைத்துக்கொள்வோம். மற்றது அணைந்ததும் மூக்கைத் திருப்பும் திருப்புவிசை 720 கிலோநியூட்டன்-மீட்டர். அணைந்த எஞ்சினின் காற்றுத்தடை இதை இன்னும் கூட்டும். எடைமையத்துக்கு 18 மீட்டர் பின்னால் துடுப்பு இருந்தால் 40 கிலோநியூட்டன் பக்கவிசையில் சமாளிக்கலாம். 15 மீட்டர்தான் என்றால் 48 வேண்டும். போயிங் 747எஸ்பி-யின் உடலை 14 மீட்டருக்குமேல் குறைத்தபோது துடுப்பை உயர்த்தியது போதாமல், துடுப்பின் பின்பக்கம் திரும்பும் பலகையான சுக்கானுக்கு இரட்டைக் கீலும் வைத்தார்கள்.

ஏ319, ஏ320, ஏ321 மூன்றுக்கும் ஒரே துடுப்புதான். ஏ321-இல் வால் இன்னும் பின்னால் போகிறது. ஆனால் எஞ்சின் உந்துவிசையும் கூடுவதால் அந்த லாபத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது.

கேள்வி: துடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டால் ஆகாதா?

பதில்: ஆகும், ஓடுபாதை நீளமாக இருந்தால். பக்கவிசை வேகத்தின் வர்க்கத்தோடு மாறும்; 130 நாட் (மணிக்கு ஏறக்குறைய 240 கி.மீ.) வேகத்தில் போதுமான விசையை 110 நாட் வேகத்தில் எடுக்க 1.4 மடங்கு பரப்பு வேண்டும். தரையில் எஞ்சின் அணைந்தால், மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் வசதியைக் கணக்கில் சேர்க்காமலே, விலகல் 30 அடிக்குள் நிற்க வேண்டும் என்பது சான்றிதழ் விதி. சிறிய துடுப்பில் இந்த விதியை நிறைவேற்றத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறும். எடை குறைவாகப் புறப்படும் நாளில்தான் அது உறுத்தும்: விமானம் எழத் தயார், விதி விடாது.

கேள்வி: பெரிதாகவே வைத்துவிட்டால்?

பதில்: எடையும் காற்றுத்தடையும் பயணம் முழுக்கக் கூட வரும். உயரம் கூடக்கூட வேர்ப்பகுதியில் வளைவுச்சுமை ஏறி, பின்னுடலையும் கனமாக்க வேண்டிவரும். குறுக்குக்காற்றில் ஓடும்போது மூக்கு காற்றுப்பக்கம் திரும்பப் பார்க்கும்.

கேள்வி: சுருக்க வழியே இல்லையா?

பதில்: 2015-இல் போயிங்கும் நாசாவும் ஒரு 757-இன் துடுப்பில் 31 காற்றுத் தாரைகளைப் பொருத்திச் சோதித்தன. சுக்கானை நன்றாகத் திருப்பினால் அதன்மேல் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். தாரைகள் அதை ஒட்டவைத்துப் பக்கவிசையைக் கூட்டின. காற்று வந்தது வாலிலுள்ள துணை எஞ்சினிலிருந்து. பயணிகள் விமானத்தில் இதை நம்பித் துடுப்பைச் சுருக்கினால், அந்தக் காற்றும் குழாயும் வால்வுகளும் எஞ்சின் அணையும் அதே நொடியில் தவறாமல் வேலை செய்தாக வேண்டும். வெறும் தகட்டுப் பரப்புக்கு அந்தக் கவலை இல்லை.