சுயதொழில் என்று சொல்லிச் சேர்த்த டெலிவரி கம்பெனி, பாதியில் ரேட்டைக் குறைத்துப் புது ஒப்பந்தம் நீட்டுகிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலை இல்லையாம். சட்டப்படி எதுவுமே கேட்க முடியாதா?

கேட்கலாம். எல்லாம் கிடைத்துவிடாது.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆறு வருஷமாக பார்சல் டெலிவரி செய்கிறேன். சொந்த வேன், சொந்த எண்ணெய், சொந்த டயர். 2024-இல் எனக்கும் இதேதான் நடந்தது. இரவு ஒன்பது மணிக்குச் செயலியில் ஒரு பக்கம் வந்தது. அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தாவிட்டால் காலையில் பார்சலை ஸ்கேன் செய்ய முடியாது.

ஒரு பார்சலுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு இருந்தது, 1 வெள்ளி 10 காசு ஆனது. "நாற்பது காசுதானே" என்றார் சூப்பர்வைசர். நாளைக்கு 90 பார்சல், மாதம் 26 நாள், போட்டுப் பாருங்கள்: 936 வெள்ளி. என் வேன் தவணையைவிட அதிகம்.

ஆனால் எங்களை நிஜமாக அடித்தது இரண்டாவது மாற்றம். ஆள் இல்லாமல் பார்சல் திரும்பினால், போய் வந்ததற்குக் கிடைத்த 50 காசும் இனி கிடையாது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஓடுகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. தோட்டத்துக்குப் போகிறவனைக் கேளுங்கள். முகவரியில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் என்கிற பிரிவும்தான் இருக்கும். போன் போட்டால் "மாரியம்மன் கோயில் தாண்டி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து லயம்" என்று தொழிலாளர் வரிசை வீட்டைச் சொல்வார்கள், அதுவும் போன் எடுத்தால். காலையில் எல்லாரும் செம்பனைக் காட்டில் இருப்பார்கள். குலை வெட்டுகிற இடத்தில் லைன் கிடைக்காது. அதனால் மத்தியானம் திரும்பவும் போக வேண்டும். மழை பெய்தால் செம்மண் ரோட்டில் வேன் மாட்டிக்கொள்ளும். அந்த 50 காசையும் எடுத்துவிட்டால் கைக்காசு போட்டு வேலை செய்வதுதான் மிச்சம்.

நாங்கள் 11 பேர் ஆளுக்கு 20 வெள்ளி போட்டு, ஈப்போவில் ஒரு வக்கீலிடம் பழைய ஒப்பந்தத்தைப் படிக்கக் கொடுத்தோம். இதைக் கேட்ட சாப்பாட்டுக் கடைப் பெரியவர் சிரித்தார். "சம்பந்தன் ஐயா காலத்துல பத்து பத்து வெள்ளியா போட்டு தோட்டத்தையே வாங்குனோம். நீங்க இருபது போட்டு ஒரு பேப்பரைப் படிக்கிறீங்களா?" அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய, தோட்டத் தொழிலாளர் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்கிறார்.

சரி, அந்தப் பேப்பரில் இருந்தது இதுதான்: ரேட்டை மாற்ற 14 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்தது ஒரு ராத்திரி. வேலை நிற்கக் கூடாதென்று பொத்தானை ஏற்கெனவே அழுத்தியிருந்தோம். வக்கீல் சொன்னபடி, அன்றே ஒவ்வொருவரும் தனித்தனியாக, 'ஆட்சேபத்துடன்தான் ஏற்கிறேன், 14 நாளுக்குப் பழைய ரேட் வேண்டும்' என்று மின்னஞ்சல் அனுப்பினோம்.

அதற்குத் துணையாக நின்றது என் நோட்டுப் புத்தகம். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கிராணி (தோட்டக் குமாஸ்தா) எழுதும் கணக்கை நம்பாமல், ஸ்டோரில் நிறுத்த பாலின் எடையைத் தினமும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. எந்த லயத்துக்கு எத்தனை மணிக்குப் போனேன், கதவு பூட்டியிருந்ததா, எல்லாம் படத்தோடு இருந்தது. ஒரு மாதத்தில் 214 வீண் பயணம் என்று காட்டியபோது சூப்பர்வைசர் பதில் பேசவில்லை.

கடைசியில் இரண்டு வாரத்துக்குப் பழைய ரேட் கிடைத்தது. தோட்டத்து முகவரிகளுக்கு மட்டும் 50 காசு திரும்ப வந்தது. 1 வெள்ளி 10 காசு அப்படியேதான் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சத்தம் போட்ட ஒருவரின் ஐடியை முடக்கிவிட்டார்கள். அவர் இப்போது லோரி ஓட்டுகிறார்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'சுயதொழில்' என்று எழுதிவிட்டாலே கதை முடிந்தது என்று நம்ப வேண்டாம். 1955 வேலைச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு 2023 ஜனவரி முதல் இருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாத நிலையில், உங்கள் நேரத்தையும் வேலை முறையையும் அவர்கள் கட்டுப்படுத்தினால் உங்களைத் தொழிலாளி என்றே அனுமானிக்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் அதை வைத்து வழக்காடுவது நீண்ட வேலை. எங்கள் பிரச்சினையின்போது இல்லாத ஒன்று உங்களுக்கு உண்டு: செயலி வழியாக வேலை செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கான கிக் தொழிலாளர் சட்டம், 2025 ஆகஸ்டில் மக்களவையிலும் செப்டம்பரில் மேலவையிலும் நிறைவேறியது. தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் அதில்தான் வருகிறது. அது உங்கள் ஒப்பந்தத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று தொழிலாளர் இலாகாவில் நேரில் கேளுங்கள். வரவேண்டிய பாக்கி 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

அப்புறம், பழைய ஒப்பந்தத்தை இன்றிரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதியதை அழுத்திய மறுநாள் எங்கள் செயலியில் பழையது காணாமல் போய்விட்டது. பதினொரு பேரில் ஒருவர் மட்டும்தான் முன்பே அச்செடுத்து, மழைக்கோட்டோடு மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். வக்கீல் படித்தது அந்தப் பிரதியைத்தான்.