சும்மா கத்துகிறவர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் டிவி சேனல்கள் கால்பந்து ஆட்டங்களின் நேரத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதால், ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் ரசிகர்கள் திண்டாடுகிறார்களாம். காசு கொடுப்பது டிவி. மைதானத்தில் இருப்பவர்கள் சும்மா கத்துகிறவர்கள்தானே? அவர்களுக்காக எதற்கு நேரம் பார்க்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: 'சும்மா கத்துகிறவர்கள்' என்றீர்களே, முதலில் அதற்கு வருகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

2020 ஜூனில், கொரோனாவால் நின்றுபோன பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டி) ஆட்டங்கள் காலி மைதானங்களில் மறுபடி தொடங்கின. அதே கேமரா, அதே ஆட்டக்காரர்கள், அதே வர்ணனை. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. பயிற்சியாளர் போடும் கூப்பாடும் பந்து உதைபடும் சத்தமும்தான் கேட்டன. ஸ்கை சேனல் என்ன செய்தது தெரியுமா? ஃபிஃபா வீடியோ கேம் தயாரித்த இஏ ஸ்போர்ட்ஸிடமிருந்து ரசிகர் கூச்சலை வாங்கி, ஆட்டத்துக்குத் தகுந்தாற்போல் ஏற்றி இறக்கி ஒலிக்கவிட்டது. வீடியோ கேமுக்கு அந்தக் கூச்சல் எங்கிருந்து வந்தது? டிக்கெட் வாங்கி மைதானத்தில் நின்று தொண்டை கட்டக் கத்தியவர்களிடமிருந்து. ஆக, அவர்கள் சும்மா கத்தவில்லை ஐயா, காசு கொடுத்துக் கத்துகிறார்கள். அதைத்தான் டிவி படம்பிடித்து உங்களிடம் சந்தா வசூலிக்கிறது.

இந்த இடத்தில் கல்யாண வீடியோக்காரர்களைப் பற்றிப் பேசாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. எனக்கும் அவர்களுக்கும் உள்ள பழைய பகை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டியாகிவிட்டது, தவில்காரர் குச்சியை ஓங்கிவிட்டார், மாப்பிள்ளை கையில் தாலி. 'சார், ஒரு நிமிஷம், முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க' என்று ஒரு குரல். ராகுகாலம் வேண்டுமானால் காத்திருக்கலாம், வீடியோக்காரர் காத்திருக்க மாட்டார். ராத்திரி பஸ் பிடித்து வந்த அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தெரிவதெல்லாம் அவருடைய முதுகும், உதவியாளர் தூக்கிப் பிடித்த விளக்கும்தான். வீசிய அட்சதையில் முக்கால்வாசி வீடியோக்காரர் தலையில் விழுகிறது. அந்தக் கணக்குப்படி அவருக்கு இதுவரை ஐந்நூறு கல்யாணமாவது ஆகியிருக்கும். இப்படி எழுதியதற்கு, திண்டுக்கல்லிலிருந்து ஒரு வீடியோக்காரர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். 'கல்யாணம் அரை மணி நேரம், வீடியோ ஐம்பது வருஷம். யாருக்காக நாங்கள் வேலை செய்ய வேண்டும்?' என்று கேட்டிருந்தார். அவருக்குக் கோபம், எனக்கும் கோபம், தகராறு இன்னும் தீரவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்தால் நீங்களும் அவர் கட்சிதான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2023 நவம்பர் 11, சனிக்கிழமை. போர்ன்மவுத்தில் நியூகாசில் அணி ஆடுகிறது. நியூகாசில் வடகிழக்கு மூலை, போர்ன்மவுத் தெற்குக் கடற்கரை. சாலை வழியாக ஏறக்குறைய 560 கிலோமீட்டர். வழக்கமான மூன்று மணி ஆட்டமாக இல்லாமல், டிவியின் மாலை 5.30 மணி ஆட்டமாக அது நடந்தது. முடியும்போது மணி ஏழரை. போர்ன்மவுத்திலிருந்து லண்டனுக்கே ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே போய்ச் சேர்வதற்குள் நியூகாசிலுக்கான கடைசி ரயில் கிளம்பியிருக்கும். காரோ பஸ்ஸோதான் கதி, வீடு சேர நள்ளிரவு தாண்டிவிடும். ஆட்டத்தில் 2-0 என்று தோல்வி வேறு. அந்த எரிச்சலில் ஒரு ரசிகர் கத்த, நியூகாசில் ஆட்டக்காரர் கீரன் டிரிப்பியர் அவரிடமே வந்து, எத்தனை பேர் காயம்பட்டுக் கிடக்கிறார்கள் தெரியுமா என்று மல்லுக்கு நின்றார். டிரிப்பியர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எதிரில் நின்றவருக்கு இன்னும் 560 கிலோமீட்டர் பாக்கி.

ஒரு சீசனுக்கான அட்டவணை ஜூன் மாதமே வந்துவிடும். அதை நம்பி ரயில் டிக்கெட் எடுப்பவர் இந்த விளையாட்டுக்குப் புதியவர். எந்த ஆட்டத்தை எந்தக் கிழமைக்குத் தள்ளுவது என்று டிவி பிறகுதான் சொல்லும். முன்கூட்டி எடுத்த மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. வெளியூர் ரசிகர்களுக்கு ஆட்ட டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று 2016-ல் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், நல்ல காரியம். ராத்தங்கல் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது.

காசு டிவியுடையது என்பது வாஸ்தவம். 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து சீசனுக்கு 30 கோடி பவுண்டு சொச்சம். 2025 முதல் நான்கு சீசனுக்கு 670 கோடி. சீசனில் நடக்கும் 380 ஆட்டங்களில் குறைந்தது 267 நேரலை. இவ்வளவு கொடுத்தவன் கிழமையையும் மாற்றத்தான் செய்வான். ஆனால் ஜெர்மனியிலும் டிவி காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. 2017-18-ல் அங்கே முதல் டிவிஷனில் ஐந்து ஆட்டங்களைத் திங்கட்கிழமை இரவுக்குத் தள்ளினார்கள். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிறவன் எப்படி வெளியூர் போவான்? பிராங்க்ஃபர்ட்டில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் டாய்லெட் பேப்பர் சுருள்களையும் மைதானத்துக்குள் வீசினார்கள். அடுத்த திங்கட்கிழமை டார்ட்மண்டில், 81,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 54,000 பேர். 2018 நவம்பரில், 2021-22 முதல் திங்கட்கிழமை ஆட்டம் இல்லை என்று லீக் அறிவித்துவிட்டது. அங்கே பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு ரசிகர்களான உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. கத்துகிறவனுக்கு ஓட்டும் இருந்தால் நிர்வாகத்துக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் முரட்டு ஆசாமிகள் இருந்தார்கள். பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட், டிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்று, 1960-களில் பிபிசி கேமராவையே தன் மைதானத்துக்குள் விடவில்லை. சனிக்கிழமை பகல் 2.45 முதல் 5.15 வரை அந்நாட்டு டிவியில் கால்பந்து நேரலை கூடாது என்ற தடைக்கும் அவர்தான் மூலகர்த்தா. தடை இன்றும் இருக்கிறது. போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய கேரன் மர்ஃபி, கிரீஸ் நாட்டு சாட்டிலைட் கார்டைப் போட்டு ஆட்டம் காட்டியதற்காக அபராதம் வாங்கி, 2011-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீங்கள் ஈரோட்டில் கோர்ட்டுக்குப் போகாமலே அந்த மூன்று மணி ஆட்டங்களை ராத்திரி ஏழரைக்கோ எட்டரைக்கோ பார்க்கிறீர்கள்.

ஸ்பெயின்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2017 டிசம்பர் 23 அன்று ரியல் மாட்ரிட் - பார்சிலோனா ஆட்டத்தைப் பகல் ஒரு மணிக்கு வைத்தார்கள், ஆசிய ரசிகர்களை மனதில் வைத்து. நமக்கு அது மாலை 5.30. நானும் வெங்காய பஜ்ஜியோடு உட்கார்ந்து பார்த்தேன், பார்சிலோனா 3-0 என்று ஜெயித்தது. அந்த ஊரில் மதியச் சாப்பாடே இரண்டு மணிக்கு மேல்தான். மாட்ரிட் ரசிகர்கள் அன்று எப்போது சாப்பிட்டார்களோ, சாப்பிட மனசுதான் இருந்ததோ!